கூறையின் மடிப்பு

கொட்டகலை
12 ஜூன் 2025

பூரணிக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீர் ராகலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது; இதுவரை நான் ஒரு வரி எழுதவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "தமையன் வீட்டில் நிற்கிறா, பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட" என்று சொல்லிச் சமாளித்தேன். நீர் பெட்டியோடு பஸ் ஏறியதைக் கடைத்தெரு முழுக்கப் பார்த்திருந்தது. என்றாலும் என்னை நம்புவதுபோல் நடித்தார்கள். அந்த நடிப்பையும் பொறுத்துக்கொண்டேன்.

இப்போது வந்திருப்பதைப் பொறுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து கேஷிகா போன் எடுத்தாள். "அப்பா, மொத சேலைக்கு அம்மாவோட கூறையத்தான் கட்டப் போறேன். புதுசு எதுவும் எடுக்காதீங்க" என்றாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "யாரும் சொல்லல, எனக்கா தோணிச்சு" என்கிறாள். அவளுக்காகத் தோன்றுவதெல்லாம் உமது வாயிலிருந்து வருவது எனக்குத் தெரியாதா?

கலியாணத்துக்குச் சம்மதித்தது நான் செய்த பெரிய காரியம். யாழ்ப்பாணத்தில் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். மகளை ராகலையில் மரக்கறி லொறி வைத்திருப்பவனுக்குக் கொடுக்கிறேன் என்று அவர்களுக்குச் சொல்லியாயிற்று. அவர்கள் வருவார்கள். எங்கள் வழக்கம் உமக்குத் தெரியும். பெண் மணவறைக்கு வரும்போது உடுத்தியிருப்பது தகப்பன் எடுத்துக் கொடுத்த சேலை. அதன்பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் தரும் கூறையை மாற்றிக்கொண்டு வந்து தாலி ஏற்பாள். அந்த முதல் சேலையைத்தான் சனம் உற்றுப் பார்க்கும். அங்கே என் மகள் தாயின் பழைய சேலையில் வந்து நின்றால், "மாஸ்டருக்கு ஒரு சேலைக்கும் வழியில்லையாம்" என்ற கதை பந்தலைத் தாண்டுவதற்கு முன்பே யாழ்ப்பாணம் போய்விடும்.

உமது கொள்கைகளைப் பற்றிக் கேள்விப்படுகிறேன். மாதத்துக்கு ஒருநாள் பெண்கள் சேர்ந்து உடுப்பு மாற்றிக்கொள்கிறீர்களாம். கடையில் பிடித்துப்போன துணியை அன்றைக்கே வாங்காமல் ஒரு கிழமை விட்டுப் பார்க்க வேண்டுமாம். விலையைப் பார்க்குமுன் உட்புறம் திருப்பித் தையலைப் பார்க்க வேண்டுமாம். நல்லது. பிள்ளைகளுக்கு மனையியல் படிப்பிக்கிறீர், படிப்பியும். ஆனால் என் வீட்டுப் பொருளில் பாடம் நடத்தியது ஒருதரம் போதும்.

அதை நான் மறக்கவில்லை. உமது பாடசாலைக் கண்காட்சிக்கு என்னையும் அழைத்து முன்வரிசையில் இருத்தினீர். மேடையில் இரண்டு பிள்ளைகள் கறுப்புக் கம்பளி ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்து கும்பிட்டார்கள். "பழையதிலிருந்து புதியது" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கைதட்டிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அந்தத் துணி அடையாளம் தெரிந்தது. கொட்டகலை ஸ்டேஷன் மாஸ்டராக என் அப்பா போட்டிருந்த கோட். அவர் இறந்தபின் நான் ஒருநாளும் போடாமல் பத்திரமாக வைத்திருந்த கோட்.

கூறை என் அலுமாரியில் இருக்கிறது. அதன் பூட்டுத் திறப்பு என்னிடம் இருக்கிறது. முதல் சேலை நான் எடுப்பேன்.

செ. பாலச்சந்திரன்
பிரதி அதிபர்

---

ராகலை
19 ஜூன் 2025

கேஷிகாவின் அப்பாவுக்கு,

உங்கள் சுற்றறிக்கை கிடைத்தது. பெண்சாதிக்கு எழுதும் கடிதத்தில் பதவியும் போட்டுக் கையெழுத்து வைத்தவர் இந்த மலையில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். பாடசாலையின் இறப்பர் முத்திரை குத்த மறந்துவிட்டீர்கள்.

உங்கள் நம்பரை நான் தடுத்து வைத்திருப்பது கோபத்தால் அல்ல. போனில் இரண்டாவது வசனத்திலேயே கத்தத் தொடங்கிவிடுகிறீர்கள். எழுத்தில் கத்த முடியாது. ஆகவே எழுதுங்கள்.

கோட்டைப் பற்றி இப்போதாவது எழுத்தில் சொல்லிவிடுகிறேன். பொலித்தீன் பைக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, அலுமாரியின் அடியில் வைத்திருந்தீர்கள். கொட்டகலையில் எட்டு மாதம் மழை. பைக்குள் போன ஈரம் வெளியே வராது. நான் அதை எடுத்தபோது முதுகு முழுக்க அந்துப்பூச்சி தின்று, பிடித்தால் கையோடு வந்தது. நல்லதாக இருந்தது முன்பக்கமும் கையும் மட்டும். "இத என்னங்க செய்ய, நல்ல துண்டா எடுத்துத் தைக்கவா?" என்று கேட்டேன். பேப்பரை இறக்காமலே "செய்யும்" என்றீர்கள். மறுநாளும் கேட்டேன். அன்றைக்கும் "செய்யும்". நீங்கள் காதில் வாங்கவில்லை என்றால் அது என் குற்றமா?

சரி, நான் செய்தது பிழை என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக என் தையல் மெஷினைப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தது யார்? பாடசாலையிலிருந்து வந்து பார்க்கிறேன், மெஷின் இருந்த இடத்தில் நாலு கால் தடம். "அது ஓடாத மெஷின்தானே" என்றீர்கள். பெல்ட் அறுந்திருந்தது. ஒரு பெல்ட் போட்டால் ஓடியிருக்கும். உங்களுக்கு ஒரு பொருள் என்றால் பூட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீச வேண்டும். நடுவில் பாவிப்பது என்று ஒன்று இருக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். நீலக்கோடு போட்ட சேர்ட்டை இன்னும் போடுகிறீர்கள் என்று கேஷிகா சொன்னாள். தவணைக்குத் தவணை நடைபாதையில் வாங்கும் சேர்ட்டுகள் எல்லாம் எங்கே போயின? ஒரு மழைக்கே காலர் சுருண்டு மேசை துடைக்கப் போயின. நீலக்கோடு மட்டும் ஏன் இருக்கிறது என்று காலரைத் தூக்கிப் பாருங்கள்.

இப்போது கூறைக்கு வருகிறேன். அது கலியாணத்தன்று எனக்குத் தந்தது. உங்கள் அலுமாரியில் இருப்பதால் உங்களுடையது ஆகிவிடாது. கேஷிகா சின்ன வயதிலிருந்து நம் கலியாணப் படத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்து வளர்ந்தவள். அவளுக்கு அது பழைய சேலை அல்ல.

நான் இருந்தவரை மழை விட்டதும் அதை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, முந்திய மடிப்பில் மடிக்காமல் வேறு மடிப்பில் மடித்து, வெள்ளை வேட்டியில் சுற்றி வைப்பேன். பட்டு ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே வெட்டுப்படும். இப்போது எப்படி இருக்கிறதோ தெரியாது. நீங்களும் "பத்திரமாக" வைத்திருப்பீர்கள்.

மாப்பிள்ளை கிஷாந்த் அடுத்த கிழமை லொறியில் ஹட்டன் பக்கம் வருகிறார். அவரிடம் கொடுத்து விடுங்கள்.

அழைப்பிதழ் அச்சடிக்க வேண்டும். உங்கள் பெயரைப் போடுவதா வேண்டாமா என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பிறகு "என்னைக் கேட்காமல் போட்டீர்கள்" என்று ஒரு சண்டைக்கு எனக்குத் தெம்பில்லை.

பூரணி

---

கொட்டகலை
27 ஜூன் 2025

பூரணிக்கு,

உமது தூதுவர் வந்து போனார். நடந்ததை அவர் வாயால் கேட்டிருப்பீர். என் பக்கத்தையும் கேளும்.

நல்ல மழை. லொறியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நனைந்துகொண்டு வந்து கதவைத் தட்டினான்.

"மாமா, அத்த சேலைய வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"யாருக்கு யார் மாமா?" என்று கேட்டேன்.

"சரி, சார். சேலையக் குடுத்தீங்கன்னா நான் போயிருவேன். பின்னால பஸ்காரன் ஹோன அடிச்சுக்கிட்டே இருக்கான், ரோட்ட மறிச்சிருக்கேனாம்."

"பெண் கேட்டு வரும்போது இருந்த பணிவு எங்கே?"

"பணிவு எல்லாம் இருக்குங்க சார். லொறியில முட்டைக்கோவாவும் இருக்கு. நேரமாச்சுன்னா வாடிப்போயிரும்."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக்கூட மன்னித்திருப்பேன். தலையைத் துவட்டக் கையைத் தூக்கினான் பாரும், அப்போதுதான் கண்டேன். பச்சை ஜாக்கெட், முழங்கையில் கறுப்புக் கம்பளி ஒட்டு.

"அது என்ன?"

"ஒட்டு சார். ஜாக்கெட் கிழிஞ்சிருச்சு, வேற வாங்கப் போனேன். அத்ததான் 'முழங்கை மட்டுந்தானே போயிருக்கு, குடுங்க'ன்னு போட்டுக் குடுத்தாங்க. நல்ல கம்பளிங்க. எம்புட்டு மழை பேஞ்சாலும் அந்த எடத்துல மட்டும் தண்ணி எறங்காது."

என் அப்பா பச்சைக்கொடியோடு ஸ்டேஷன் மேடையில் நிற்கும்போது அந்தக் கோட் அவர் மேல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அதன் ஒரு துண்டு கோவா மூட்டை தூக்குகிறவன் முழங்கையில் வந்து என் வாசலில் நிற்கிறது. கதவைச் சாத்தினேன். ஆம், சாத்தினேன்.

கூறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் வாயால் சொல்லமாட்டேன். எழுதச் சொன்னது நீர்தானே.

எங்கள் பக்கத்தில் கூறை ஒருதரம் உடுத்தும் சேலை அல்ல, இரண்டுதரம். ஒன்று தாலி ஏறும்போது. மற்றது, புருஷன் இருக்க மனைவி போனால் அவளை அதில்தான் அனுப்புவோம். என் அம்மாவை அப்படித்தான் அப்பா அனுப்பினார். அலுமாரியிலிருந்து தன் கையால் எடுத்துக் கொடுத்தார். கூறை புருஷன் வீட்டில் இருக்கிறவரைக்கும் அந்தப் பெண் அந்த வீட்டுக்காரி. நீர் பெட்டி கட்டியபோது உமது எல்லா உடுப்பையும் எடுத்தீர், கூறையை மட்டும் விட்டுப் போனீர். அதற்கு நான் ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டேன். இரண்டு வருடம் அந்த அர்த்தத்தோடுதான் இந்த வீட்டில் இருந்தேன்.

இப்போது ஆள் அனுப்பிக் கேட்கிறீர். அப்படியென்றால் அந்தக் கடைசிப் பொறுப்பும் எனக்கு இல்லை என்று சொல்கிறீர். இதை நேராகச் சொல்லியிருக்கலாம். மகளின் கலியாணத்துக்குள் ஒளித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சேலை தரமாட்டேன். கேஷிகாவுக்குப் புதியது எடுத்துவிட்டேன். கொழும்புக் கடை, இணையத்தில் பார்த்துத் தெரிவு செய்தது, கரும்சிவப்பு, சுத்தப் பட்டு. உமது விலாசத்துக்கு இந்தக் கிழமை வந்து சேரும். அவளிடம் கொடும்.

அழைப்பிதழ் விஷயத்தை யோசித்துச் சொல்கிறேன்.

பாலச்சந்திரன்

---

ராகலை
2 ஜூலை 2025

கேஷிகாவின் அப்பாவுக்கு,

கிஷாந்த் வந்ததும் "என்னாச்சு?" என்று கேட்டேன். "மாமா கதவச் சாத்திட்டாரு அத்த" என்றார். சேலை கிடைக்காத ஆத்திரத்தில் நான் உங்களைத் திட்டத் தொடங்க, "இருங்க அத்த, குடையக் குடுத்துட்டுத்தான் சாத்துனாரு" என்று உங்கள் குடையைக் காட்டினார். இது உங்கள் கடிதத்தில் இல்லையே! ஒரு கம்பி கழன்றிருந்தது. கட்டிவிட்டோம்.

புதிய சேலை வந்தது. கேஷிகா ஆசையாகத்தான் பிரித்தாள், அதைச் சொல்ல வேண்டும். பிறகு உட்புறம் திருப்பிப் பார்த்தாள். என்னிடம் வளர்ந்தவள், வேறென்ன செய்வாள்? ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலைக் கிள்ளி நெருப்பில் காட்டினாள். பட்டு என்றால் தலைமயிர் கருகிய மணம் வரும், விரலால் நசுக்கினால் தூளாகும். இது உருகி மணிபோல் உருண்டது. வீடெல்லாம் பிளாஸ்டிக் மணம். "அப்பாவ ஏமாத்திட்டானுங்கம்மா" என்று அழுதாள். உங்களை நினைத்துத்தான் அழுதாள். கடைக்குத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். படத்தைப் பார்த்துத் துணி வாங்காதீர்கள் என்று சொன்னால் கொள்கை பேசுகிறேன் என்பீர்கள்.

கூறையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தேன். இத்தனை வருடத்தில் இந்த வழக்கத்தை நீங்கள் ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. மாமி போனபோது நான் கேஷிகாவைப் பெற்று ஆசுபத்திரியில் இருந்தேன், பார்க்கவும் இல்லை. எங்கள் பக்கத்தில் கலியாணச் சேலை நல்லது கெட்டதுக்குக் கட்டுவோம். பிறகு தங்கச்சி கட்டுவாள். நைந்தால் பிள்ளைக்கு ஏணைத் தொட்டில் கட்டுவோம். அந்தத் துணி ஓயும்வரை யாரையாவது தாங்கும். எனக்கு அதுதான் தெரியும்.

நான் கூறையை விட்டுவந்ததற்கு நீங்கள் வைத்துக்கொண்ட அர்த்தம் எனக்குத் தெரியாது. திறப்பு உங்கள் இடுப்பில் இருந்தது, கேட்கப் பிடிக்கவில்லை, வந்துவிட்டேன். அவ்வளவுதான். இப்போது கேட்பதற்கும் நீங்கள் நினைக்கிற அர்த்தம் இல்லை. மகள் உடுத்தக் கேட்கிறேன்.

நான் செத்தபிறகு எதைப் போர்த்தினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. பிள்ளை அதை உடுத்திக்கொண்டு நடந்து வந்தால் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். வந்து முன்வரிசையில் இருந்தால்.

அந்தக் கறுப்பு ஒட்டைப் பற்றி: உங்கள் அப்பாவின் கோட்டில் மிஞ்சிய நல்ல துண்டை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. நம் வீட்டுக்கு வரப்போகிறவர் என்றுதான் கிஷாந்துக்குப் போட்டேன். அது உங்களுக்கு அவமானமாகப் பட்டால் நான் என்ன செய்ய?

அச்சகத்துக்காரர் அவசரப்படுத்துகிறார். ஆடி பிறக்குமுன் அழைப்பிதழ் கைக்கு வரவேண்டும். 14ஆம் திகதி திங்கட்கிழமைக்குள் உங்கள் பதில் வராவிட்டால் பெண்ணின் தகப்பன் இடத்தில் என் அண்ணன் பெயர் போகும். மிரட்டவில்லை. அச்சு கோர்த்தபின் மாற்ற முடியாது, அதனால் சொல்கிறேன். கேஷிகாவுக்கு இதை இன்னும் சொல்லவில்லை.

பூரணி

பி.கு.: சேலை எப்படி இருந்தாலும் இழுத்துப் பிரிக்காதீர்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கீழே ஒரு பருத்தித் துணி விரித்து, அதன் மேல் வைத்து மெல்லத் திறவுங்கள்.

---

கொட்டகலை
9 ஜூலை 2025

பூரணிக்கு,

இந்தக் கடிதத்தை நாளைக் காலை முதல் தபாலில் சேர்ப்பேன். திங்கட்கிழமைக்குமுன் உமக்குக் கிடைக்கும்.

குடையைப் பற்றி நான் எழுதவில்லை என்றால் நீரும் எழுதாமல் விட்டிருக்கலாம். மழையில் நிற்கிறவனுக்குக் குடை கொடுப்பது உறவாகாது.

கொழும்புக் கடைக்காரனுக்கு நானும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அதை இங்கே எழுத முடியாது; நான் ஆசிரியன்.

சேர்ட் காலரைத் தூக்கிப் பார்த்தேன். தேய்ந்த பக்கத்தை உள்ளே போகும்படி திருப்பித் தைத்திருக்கிறீர். எத்தனை வருடமாக அதைப் போட்டுக்கொண்டு காலைக்கூட்டத்தில் மாணவரின் உடையைச் சோதித்திருக்கிறேன்! ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாமல் என் கழுத்துக்குப் பின்னால் வேலை பார்ப்பது உமது வழக்கம் என்று இதையும் கணக்கில் சேர்க்கிறேன்.

சனிக்கிழமை பாடசாலை இல்லை. அலுமாரியைத் திறந்தேன். உமக்காகத் திறக்கவில்லை. கோட்டை அந்து தின்றது என்று நீர் எழுதியது பொய்யென்று காட்டவேண்டும் என்றுதான், கூறையை எடுத்துப் பார்க்க நினைத்தேன். அது நன்றாக இருந்திருந்தால் இந்தக் கடிதம் வேறுமாதிரி இருந்திருக்கும்.

நீர் சொன்னபடி கட்டிலில் பருத்தி விரிப்பைப் போட்டு, அதன் மேல் வைத்து மெல்லத் திறந்தேன். நீர் போனபின் நான் போட்டு வைத்த பொலித்தீனின் உட்பக்கம் வியர்த்திருந்தது. பூச்சி உருண்டை பட்ட இடத்தில் சரிகை கறுத்திருக்கிறது. உடலில் பூஞ்சணம் அதிகமில்லை, ஓரத்தில் கொஞ்சம். ஆனால் நடு மடிப்பு இரண்டிலும் பட்டு வெட்டுப்பட்டிருக்கிறது. கத்தியால் கீறியதுபோல் நேர்கோடு. கொட்டகலையின் ஈரம் அப்படி. தலைப்பும் கரையும் தப்பியிருக்கின்றன. சிவப்பு மங்கவில்லை. படத்தில் இருப்பதைவிட ஆழமான சிவப்பு.

மறுபடி மடிக்கப் பார்த்தேன். அந்த மடிப்பில் வைக்கக்கூடாது, வேறு மடிப்பில் வைக்க வேண்டும் என்று தெரிந்தது. முடியவில்லை. கூறையைத் தனி ஆளாக மடிக்க முடியாது என்பது இதுவரை எனக்குத் தெரியாது. மழை விட்டதும் நீர் "இந்தத் தலைப்பைப் பிடிங்க" என்று கூப்பிடுவீர்; நான் பேப்பரை வைத்துவிட்டு வந்து பிடிப்பேன்; நீர் நடந்து வந்து என் கையில் உள்ளதோடு சேர்ப்பீர். அதை நான் ஒரு வேலையாக நினைத்ததில்லை. சனிக்கிழமை ஒரு தலைப்பை நாற்காலியில் கட்டிவிட்டு மறுதலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்காலி இழுத்துப் பிடிக்கவில்லை. சேலை தரையில் விழுந்தது.

அதனால் மடிக்கவில்லை, சுருட்டினேன். பாடசாலையில் பழைய உலகப்படம் சுற்றிவைக்கும் தடித்த மட்டைக் குழாய் ஒன்று சும்மா கிடந்தது. அதைத் துடைத்து, வெள்ளை வேட்டியை அதில் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் மேல் சேலையையும் இன்னொரு வேட்டியையும் சேர்த்துச் சுருட்டினேன். மடிப்பே இல்லாவிட்டால் வெட்டுப்பட இடமில்லை. மனையியல் படிப்பிக்கிற உமக்கு இது தோன்றவில்லை என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளும்.

அதைத் தபாலில் அனுப்பமாட்டேன். லொறி வரட்டும். இந்த முறை ரோட்டை மறிக்காமல் ஸ்டேஷன் பக்கம் நிறுத்தச் சொல்லும். அந்தப் பையன் "மாமா" என்றால் திருத்தமாட்டேன். உள்ளே வந்து இருக்கட்டும். முழங்கை ஒட்டைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். கதவில் நின்று பார்த்தபோது தையல் தெரியவில்லை. துணி மட்டும்தான் தெரிந்தது. அலுமாரியில் நான் வைத்திருந்த கோட்டில் ஒரு நூல்கூட மிஞ்சவில்லை. மழையில் திரியும் அந்தத் துண்டு மட்டும் அப்பா போட்டிருந்த மாதிரியே கறுப்பாக இருக்கிறது. இதைச் சொல்வதால் நீர் வெட்டியதை ஏற்றுக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். "செய்யும்" என்று நான் சொன்னதாக எனக்கு இன்னும் நினைவில்லை.

வெட்டுப்பட்ட இரண்டு மடிப்பையும் எப்படிச் சேர்ப்பீர் என்று தெரியவில்லை. பின்னால் மெல்லிய துணி வைத்துத் தைப்பீராக்கும். கொசுவத்துக்குள் போகும்படி உடுத்தினால் சனத்துக்குத் தெரியாது. தெரிந்தாலும் இருக்கட்டும். கேட்கிறவனுக்கு, "தகப்பன் எடுத்துக் கொடுத்த சேலைதான்" என்று சொல்ல எனக்கு முடியும். நான் எடுத்துக் கொடுத்ததுதானே அது.

கடைசி நாளைப் பற்றி நீர் எழுதியதை நான் ஏற்கவில்லை. எனக்கு என் அப்பா செய்ததுதான் முறை. ஆனால் கந்தலை எடுத்துப் போர்த்த முடியாது. இன்னும் இரண்டு மழைக்காலம் என் அலுமாரியில் இருந்தால் அது கந்தல்தான். உமது ஊசி படாமல் அது என் முறைக்கும் உதவாது, உமது முறைக்கும் உதவாது. ஆகவே எடுத்துக்கொள்ளும். கேஷிகா உடுத்தட்டும். பிறகு எந்த வீட்டில் வைப்பது என்பதைக் கலியாணத்துக்குப் பின் பேசுவோம். எங்கே வைத்தாலும் மழை விட்டதும் ஒரு தலைப்பைப் பிடிக்க ஆள் வேண்டும். அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும்.

அச்சகத்துக்குச் சொல்லும்: பெண்ணின் தகப்பன் இடத்தில் என் பெயர் போகட்டும். "திரு. செ. பாலச்சந்திரன்". முதலெழுத்து தவறாமல் பார்த்துக்கொள்ளும். பதவி வேண்டாம். பக்கத்தில் உமது பெயர் வரும், அதுதான் வழக்கம். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

மெஷினைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. இந்தக் கடிதத்தின் கீழே என் பெயரையும் எழுதப்போவதில்லை. எழுதினால் சமாதானம் ஆகிவிட்டது என்று வாசிப்பீர். ஆகவில்லை. எழுத்து யாருடையது என்று உமக்குத் தெரியும். விடியும்வரை திறந்து வைத்தால் மனம் மாறுவேன் என்று தெரிந்துதான் உறையை இப்போதே ஒட்டுகிறேன். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.